வாசலில் வெட்டாத கிணறு

வாசற்காலுக்கு நேராகக் கிணறு இருக்கக் கூடாது. இதில் தனக்கொடிக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. கொல்லையில் இருக்கலாம், ஈசானிய மூலையில் இருக்கலாம், கழனியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். படியிறங்கிக் காலை வைக்கிற இடத்தில் யாராவது கிணறு வெட்டுவார்களா?

"வெட்டல அத்த, வரையப் போறேன்" என்றாள் ஜெயசுதா.

"வரைஞ்சா மட்டும்? பாக்கறதுக்குக் கெணறு மாரிதான இருக்கும்?"

"மாரி இல்ல, கெணறாவே தெரியும். அப்படித் தெரியலன்னாதான் நான் வரைஞ்சது தப்பு."

"நல்லா இருக்குதுடி உன் படிப்பு" என்று சொல்லிவிட்டுத் தனக்கொடி முறத்தில் இருந்த அரிசியை வேகமாகப் புடைத்தாள். அடுத்த வீட்டு ஆண்டாள் அங்கேதான் நின்றிருந்தாள். ஜெயசுதாவோடு வந்திருந்த சார்லஸ் சாரும் நின்றிருந்தார். "என் வாசல்ல பள்ளம் பறிக்க நான் ஒத்துக்க மாட்டேன்" என்று அவர்கள் காதில் விழும்படி தனக்கொடி சொன்னாள். அந்த வார்த்தைதான் பின்னால் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஜெயசுதா இந்தப் பாகூர் வீட்டுக்கு வந்தது போன ஆவணியில்தான். தனக்கொடியின் இளைய மகன் குமரவேலின் மனைவி. பிறந்த ஊர் வில்லியனூர். இயற்பியலில் மேற்படிப்பு முடித்து, பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறாள். லீவு நாளில் வீட்டில் இருப்பாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. சார்லஸ் சாரின் அறிவியல் குழுவோடு ஊர் ஊராகப் போய்த் தெருவில் படம் வரைவாள். சார்லஸ் சார் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மேடை போட்டு மைக்கில் பேசினால் ஜனங்கள் நாற்காலி தேடுவார்கள், தரையில் ஒரு பள்ளத்தைக் காட்டினால் தானாக வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பது அவருடைய கொள்கை. சிமெண்ட் தரையில் வரைந்த படம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் படிக்கட்டாக இறங்கும், பாலமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்த்தவர்கள் வாயைப் பிளந்து நிற்கும்போது, அது ஏன் அப்படித் தெரிகிறது என்று பேச்சை ஆரம்பித்து, அங்கிருந்து அறிவியலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் வருகிற அறிவியல் தினத்துக்கு இந்த வருஷம் நிலத்தடி நீர் என்று முடிவாகியிருந்தது. ஒரு கிணறு. அதன் உட்சுவரில் மேல்மண், மணல், களிமண் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகள். எங்கோ அடியில் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் துளைத்துக்கொண்டு இறங்கும் ஒரு போர்வெல் குழாய். சுற்றுவட்டாரத்தில் தேடிப் பார்த்ததில் தனக்கொடி வீட்டுத் தெருதான் வசதியாக இருந்தது. புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு, வளைவு இல்லை, வண்டி நடமாட்டமும் குறைவு.

மாமியார் மாட்டேன் என்றதும் ஜெயசுதா வாதாடவில்லை. சார்லஸ் சாருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ராத்திரி எல்லாருக்கும் தோசை சுட்டாள். சிரித்துத்தான் பேசினாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றதைத் தனக்கொடி கவனித்துவிட்டாள். அந்த மாதிரிப் பாதிச் சிரிப்பை அவள் ஏற்கெனவே ஒரு முறை இந்த வீட்டில் பார்த்திருக்கிறாள்.

மூத்த மருமகள் செல்வகுமாரியின் சிரிப்பு அது. அவளும் நல்ல பெண்தான். கல்யாணமான புதிதில் அவளுடைய அம்மா ஒரு ஜாடி நிறைய உப்பு நார்த்தங்காய் போட்டுக் கொடுத்தனுப்பினாள். ஒருநாள் தனக்கொடி ஜாடியைத் திறந்து பார்த்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கொல்லையில் கொட்டி, ஜாடியைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று சொல்லாமலும் விட்டுவிட்டாள். கவிழ்த்து வைத்த ஜாடியைச் செல்வகுமாரி பார்த்தாள். அவளும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் சிரித்ததெல்லாம் பாதிச் சிரிப்புதான். அதன்மேல் வேறு வேறு சின்ன விஷயங்கள் வந்து உட்கார்ந்து, மூத்த மகன் வில்லியனூரில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் நடந்திருக்கும்.

மறுநாள் காலை காபியை ஆற்றிக்கொண்டே தனக்கொடி கேட்டாள். "ஏன்டி ஜெயா, அந்தக் கெணறு அழிச்சா போயிடும்ல?"

"சாக்பீஸ் கலருதான் அத்த. தண்ணி ஊத்தித் தேச்சா போயிடும்."

"வாசப்படிக்கு நேரா வராம கொஞ்சம் தள்ளிப் போடு. போ, போட்டுக்கோ."

ஜெயசுதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியாரின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். காபி கொஞ்சம் சிந்தியது. தனக்கொடி திட்டவில்லை.

ஒத்துக்கொண்டது வரைக்கும்தான் தயக்கம். ஒத்துக்கொண்ட பிறகு தனக்கொடிதான் அந்தக் கிணற்றுக்கு மேஸ்திரி. சனிக்கிழமை மதியம் வெயில் சாய்ந்ததும் ஜெயசுதா முட்டி போட்டு வேலையை ஆரம்பித்தாள். காகிதத்தில் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டுக் கிணற்றை வரைந்து வைத்திருந்தாள். தரையில் அதே கட்டங்கள், ஆனால் போகப் போக நீண்டுகொண்டே போயின. ஆண்டாள் வீட்டு வாசலில் தொடங்கித் தனக்கொடி வீட்டு வாசலைத் தொட்டுப் படம் படுத்துக் கிடந்தது.

"ஏன்டி, அந்தாண்டப் போகப் போக இப்படி இழுத்துக்கினே போற? கெணறு வட்டமா இருக்க வேணாமா? பாம்பு செத்துக் கெடக்கற மாரி இருக்குது."

"தூரத்துல வர்ற பஸ்ஸு சின்னதா தெரியுதுல்ல அத்த? அதே மாரி தூரத்துல போட்ட கோடும் சுருங்கித்தான் தெரியும். அதனால நாம முன்னாடியே நீட்டிப் போட்டுடணும். சரியான எடத்துல நின்னு பாத்தா கண்ணு அதைச் சுருக்கிக் கெணறா ஆக்கிக்கும்."

"கண்ணு இவ்ளோ வேலை பண்ணுதா?"

"கண்ணு பாதி. மீதி மூளை. இது பள்ளமாத்தான் இருக்கும்னு அதுவே யூகிச்சுக்கும்."

தனக்கொடிக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, தெருவில் வந்த வண்டிகளை எல்லாம் நிறுத்தி இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"இந்தாடி, நாளைக்குக் காலையில யாரும் வாசத் தெளிக்கக் கூடாது. தொடப்பத்தத் தொடக் கூடாது. தண்ணி ஓடி வந்து படத்துல பட்டுச்சு, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கெழம அதுவுமா வாசத் தெளிக்காம எப்படிக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஒருநாள் தெளிக்கலன்னா மகாலட்சுமி கோச்சுக்கினு கடலூருக்கா போயிடப் போறா?"

பொழுது சாய்வதற்குள் படம் முடிந்தது. பார்க்க வேண்டிய இடத்தில், கிருஷ்ண ஜெயந்திக்குப் போடுவதுபோல இரண்டு வெள்ளைப் பாதங்களை வரைந்தாள் ஜெயசுதா. முதலில் ஆண்டாள் போய் நின்றாள். நின்றவள் "யம்மாடி!" என்று கத்திக்கொண்டு பின்னால் தாவினாள். தனக்கொடியின் புருஷன் அரங்கநாதன் நெடுநெடுவென்று உயரமான ஆள். அவர் நின்று பார்த்து, ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். கல் சிமெண்டில் டொக்கென்று விழுந்து உருண்டது. தெருவே சிரித்தது. தெருநாய் ஒன்று மட்டும் எதையும் சட்டை பண்ணாமல் வந்து, நட்டநடுத் தண்ணீரில் சுருண்டு படுத்துக்கொண்டது. பாதத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது அந்தரத்தில் மிதப்பதாகத் தெரிந்தது.

கடைசியில் தனக்கொடி போய் நின்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எனக்குப் பள்ளமாவே தெரியலையேடி. சறுக்குமரம் மாரி சரிஞ்சு கெடக்குது."

ஜெயசுதாவின் முகம் சட்டென்று மாறியது. அவள் ஓடிவந்து மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஜெயசுதா நல்ல வளர்த்தி. தனக்கொடி அவள் தோளுக்குத்தான் வருவாள்.

"என் கண்ணு உயரத்துக்குக் கணக்குப் போட்டுட்டேன் அத்த. கொஞ்சம் எக்கி நில்லுங்க."

"எக்குக்கா, நல்லா எக்கு!" என்றாள் ஆண்டாள். "வேணும்னா முக்காலி கொண்டாரட்டா?"

இன்னொரு முறை தெரு சிரித்தது. தனக்கொடியும் சிரித்தாள். வீட்டுக்குள் போகும்போது சுருக்கென்று கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஊரெல்லாம் பார்த்த கிணறு, வாசலைக் கொடுத்தவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் அதைப் படுக்கப் போவதற்குள் மறந்துவிட்டாள். அது சத்தியம்.

விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பது அவளுக்குப் பல வருஷப் பழக்கம். எழுந்தாள், முகத்தில் தண்ணீர் அடித்தாள், கொல்லைப் பக்கம் போய்ச் சாணியைப் பக்கெட்டில் கரைத்தாள். ஒரு கையில் பக்கெட், ஒரு கையில் துடைப்பம், இடுப்பில் கோலமாவு டப்பா. வாசல் விளக்கு எரியவில்லை. கை தன்பாட்டில் தெளித்தது, தன்பாட்டில் கூட்டியது. மனசு எங்கோ நாளைக்கு அறுக்க வேண்டிய கரும்பில் இருந்தது. பாதி வாசல் முடிந்த பிறகுதான் துடைப்பத்தின் நுனி பட்ட இடத்தில் தண்ணீர் ஒரு மாதிரி ஓடுவதைப் பார்த்தாள். தெருக்கம்பத்து வெளிச்சத்தில் அது சிவப்பாக ஓடியது.

துடைப்பத்தைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள்.

கிணற்றின் மேல்விளிம்பு இல்லை. மேல்மண் இல்லை, மணல் இல்லை, களிமண் இல்லை. அவள் வீட்டுப் பக்கம் இருந்த சுவர் முழுக்கப் போய்விட்டது. ஆண்டாள் வீட்டுப் பக்கம் நீலமாகத் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது, கிணறே இல்லாத தண்ணீர்.

"அய்யய்யோ, இன்னாக்கா பண்ணி வச்சிருக்க?" ஆண்டாள் கதவைத் திறந்துகொண்டு வந்திருந்தாள். "தெருப் பூரா மெரட்டிட்டு நீயே தெளிச்சுட்டியா?"

"கை பண்ணிடுச்சுடி ஆண்டாளு. நான் பண்ணல. கை பண்ணிடுச்சு."

ஆண்டாள் துடைப்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெசமாவா?"

அந்த ஒரு கேள்வியில் தனக்கொடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்குக் கிணறு வேண்டாம் என்று கத்தியது ஆண்டாள் காதில் விழுந்திருக்கிறது. நேற்று எக்கு எக்கு என்று சிரித்ததும் அவள்தான். அவளே சந்தேகப்பட்டால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள்? தெரு பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ஜெயா என்ன நினைப்பாள்? காலையில் சார்லஸ் சார் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். இந்தப் பெண் சிரித்துச் சமாளிப்பாள். அப்புறம் அந்தச் சிரிப்பும் பாதியில் நிற்க ஆரம்பிக்கும்.

"இத பாருக்கா" என்று ஆண்டாள் குரலைத் தாழ்த்தினாள். "டேங்க்கு நெறஞ்சு தண்ணி வழிஞ்சு வந்துடுச்சுன்னு சொல்லிடு. நானும் பாத்தேன்னு சொல்றேன்."

"டேங்க்கு தெருக்கோடியில இருக்குது. அங்கிருந்து வழிஞ்சு வர்ற தண்ணி சாணியும் கரைச்சுக்கினு வந்துச்சா?"

"அப்படின்னா மாடு..."

"மாடு தொடப்பம் புடிச்சுக் கூட்டிச்சா? போடி அந்தாண்ட."

கவிழ்ந்து கிடந்த ஊறுகாய் ஜாடி தனக்கொடியின் கண்முன்னால் வந்து நின்றது. அவள் துடைப்பத்தைக்கூடக் கீழே போடாமல் உள்ளே போய் மகன் படுத்திருந்த அறைக் கதவைத் தட்டினாள்.

ஜெயசுதாதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தாள். தனக்கொடி மூச்சு விடாமல் கொட்டிவிட்டாள்.

"ஜெயா, நான் உன் கெணத்த அழிச்சுட்டேன். வேணும்னு பண்ணலடி. பழக்கத்துல தெளிச்சுட்டேன். அன்னிக்கு வேணாம்னு சொன்னேன், நேத்து எனக்குத் தெரியலன்னு சிரிச்சாங்க, அதுக்காக பண்ணிட்டேன்னு நெனச்சுடாத. நெனச்சாலும் மனசுல வச்சுக்காத, என் மூஞ்சிக்கு நேரா கேட்டுடு."

பின்னாலிருந்து குமரவேல் எழுந்து வந்தான். "ம்மா! நீதான ஊரு பூரா சட்டம் போட்டுட்டு வந்த?"

"நீங்க சும்மா இருங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஜெயசுதா வெளியே வந்தாள். மாமியாரைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்த வெள்ளைப் பாதங்களின்மேல் நின்றாள். அழிந்த இடத்தைப் பார்த்தாள், மிஞ்சிய நீலத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் படியோரமாக நின்ற தனக்கொடியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அத்த, பக்கெட்டுல இன்னும் தண்ணி இருக்குதா?"

"இருக்குது... ஏன்டி?"

ஜெயசுதா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய் மிச்சம் இருந்த நீலத் தண்ணீரின்மேல் ஒரே வீச்சாக ஊற்றினாள். துடைப்பத்தை மாமியார் கையிலிருந்து வாங்கிச் சரசரவென்று தேய்த்தாள்.

"அடியே! இருக்கறதையும் ஏன்டி அழிக்கற?"

"நேத்து நீங்க சொன்னதிலருந்து எனக்குத் தூக்கமே வரல அத்த. வரப்போறது எல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்க. எல்லாம் உங்க ஒசரந்தான். அவங்களுக்கும் சறுக்குமரந்தான் தெரிஞ்சிருக்கும். போட்ட படத்த அழிக்க மனசு வராமப் படுத்திருந்தேன். நீங்க பாதி அழிச்சுட்டீங்க."

"நெசமாத்தான் சொல்றியா? எனக்காகச் சொல்லலையே?"

ஜெயசுதா துடைப்பத்தை நிறுத்திவிட்டு மாமியாரின் இடுப்பைக் காட்டினாள். "அழிக்கணும்னு வந்தவங்க கோலமாவு டப்பாவையும் எடுத்துக்கினா வருவாங்க?"

தனக்கொடி குனிந்து டப்பாவைப் பார்த்தாள். அதை இதுவரை அவளே மறந்திருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, நேரம் ஆவுது. இங்க வந்து நேரா நில்லுங்க" என்றாள் ஜெயசுதா.

கொல்லையிலிருந்து ஒரு மூங்கில் கழியைக் குமரவேல் கொண்டுவந்து நட்டான். தனக்கொடியை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, அவள் கண் உயரத்துக்குக் கழியில் ஒரு கீறல் போட்டாள் ஜெயசுதா. அந்தக் கீறலில் தன் செல்போனைத் துணியால் கட்டினாள். கட்டம் போடவெல்லாம் நேரம் இல்லை. போன் வழியாகப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, அங்கே ஒரு ஆள் கோடு இழுக்க வேண்டும். கோலமாவில் நிற்காமல் நீளமாகக் கோடு இழுக்க அந்தத் தெருவில் தனக்கொடியை விட்டால் வேறு யார்?

"இன்னும் அந்தாண்ட அத்த. இன்னும் ஒரு சாண். ஆங், அங்கிருந்து வலது பக்கம் வளைங்க."

"வளைஞ்சா கோணலா போவுதுடி."

"போவட்டும்."

"இது வட்டமே இல்லடி ஜெயா. வாழத்தாரு மாரி இருக்குது."

"எனக்கு இங்கருந்து வட்டமாத்தான் தெரியுது. இழுங்க."

"எனக்குத் தெரியலையே!"

"உங்களுக்கு அங்க தெரியாது. நான் பாத்துக்கறேன், நீங்க இழுங்க."

தனக்கொடியின் கை முதலில் கேட்க மறுத்தது. நேர்க்கோடு என்றால் நேராக இழுத்தே பழகிய கை. கோணலாக இழு என்றால் நடுவிலேயே தானாக நேராகத் திரும்பியது. இரண்டு முறை அழித்து இழுத்தாள். மூன்றாவது முறை தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஜெயாவின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, அவள் நிறுத்து என்கிற வரைக்கும் மாவை விட்டுக்கொண்டே நடந்தாள்.

விடிந்ததும் தெருப்பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தர் கையிலும் பக்கெட் இல்லை, அவ்வளவு கீழ்ப்படிதல். நடந்ததை ஆண்டாள் எல்லாருக்கும் சொன்னாள். தனக்கொடிக்கு அன்றைக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சம் இல்லை.

"எங்கள மட்டும் தொடப்பத்தத் தொடாதன்னுட்டு, இவங்க பக்கெட்டோட வந்தாங்களாம்!"

"மகாலட்சுமி எங்கக்கா, கடலூர் பஸ்ஸு ஏறிட்டாளா?"

"வாய மூடிக்கினு ஆளுக்கு ஒரு கலர எடுங்கடி" என்றாள் தனக்கொடி.

பொங்கலுக்கு வாங்கி மீந்த கலர் மாவெல்லாம் வெளியே வந்தது. செம்மண் வந்தது. சாணி தெளித்துக் கிடந்த தரை, வெறும் சிமெண்டைவிட நன்றாக மாவைப் பிடித்துக்கொண்டது. மண்ணை மண்ணாகக் காட்ட அந்தப் பழுப்பும் தோதாக இருந்தது. மேல்மண்ணுக்குச் செம்மண், மணலுக்கு மஞ்சள், களிமண்ணுக்குக் கரித்தூள், அடியில் நீலம். கிழக்குப் பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு வெளிர்ப்பச்சை மெல்லக் கசிந்து உள்ளே வருவதாகக் காட்டச் சொன்னாள் ஜெயசுதா. கடல் பக்கமிருந்து வருகிற உப்புத் தண்ணீர்.

சார்லஸ் சார் வண்டியை நிறுத்திவிட்டுக் காற்றை முகர்ந்தார். "இன்னாம்மா இது, கிணத்துல சாணி வாசன வருது?"

"ஊர்க் கெணறு சார், அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஜெயசுதா.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். முதல் பையன் பாதத்தில் நின்றதும் "ஏய்!" என்று பின்னால் நின்றவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் வரிசை என்று ஒன்று இருக்கவில்லை. ஜெயசுதா ஒரு கண்ணை மூடச் சொன்னாள், இரண்டடி நகர்ந்து நிற்கச் சொன்னாள். நகர்ந்ததும் கிணறு கலைந்து வெறும் கோடுகளாகப் போனதைப் பார்த்து அவர்கள் கூச்சல் போட்டார்கள். வெளிச்சம் நேர்க்கோட்டில் வருகிறது, கண் அதை வாங்குகிறது, மூளை அதை வைத்து ஆழத்தை யூகிக்கிறது என்று அவள் சொன்னபோது, சொல்வதற்கு முன்பே அவர்களுக்குப் பாதி தெரிந்திருந்தது.

"சரி, இந்தத் தண்ணி ஏன் இவ்ளோ கீழ இருக்குது?" என்று ஜெயசுதா கேட்டாள்.

ஓரமாக நின்ற அரங்கநாதன்தான் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல அந்த மஞ்சக் கலருகிட்ட நின்னுச்சும்மா. குனிஞ்சா கையில மொண்டுக்கலாம். அப்பறம் ஆளாளுக்கு போரு போட்டோம். நானுந்தான் போட்டேன்."

"அந்தப் பச்சை இன்னா மிஸ்?" என்றாள் ஒரு சிறுமி.

"நல்ல தண்ணிய நாம உறிஞ்சி உறிஞ்சி எடுத்தா, காலியான எடத்துக்குக் கடல் தண்ணி வர ஆரம்பிக்கும். ஒருதடவ உப்பு ஏறிடுச்சுன்னா கரும்புக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. மழைத் தண்ணிய ஏரியிலயும் கொளத்துலயும் நிறுத்தி மண்ணுக்குள்ள எறங்க விட்டா, இந்த நீலம் மறுபடி மேல ஏறும், பச்சை பின்னால போகும்."

அரங்கநாதன் முன்னால் வந்து பாதத்தில் நின்றார். நெற்றியைச் சுருக்கினார். "நேத்து நல்லா தெரிஞ்சுதே. இன்னிக்கு எனக்கு இழுத்த மாரி இருக்குது."

"குனிங்க மாமா" என்றாள் ஆண்டாள். "நல்லா குனிங்க. இது அக்காவோட ஒசரத்துக்குப் போட்ட கெணறு."

அப்போதுதான் தனக்கொடி இன்னும் பார்க்கவே இல்லை என்பது ஜெயசுதாவுக்கு உறைத்தது. கூட்டத்தை விலக்கி அவளை இழுத்து வந்து பாதத்தில் நிறுத்தினாள். கை முழுக்கக் கலரோடு தனக்கொடி தலையை நிமிர்த்தினாள்.

தெரு பிளந்திருந்தது. அவள் கோணல் என்று சண்டை போட்டு இழுத்த கோடுகள் ஒன்றையும் காணோம். வட்டமாக ஒரு விளிம்பு, அதற்குள்ளே மண், மணல், களி, அதலபாதாளத்தில் ஒரு துண்டு நீலம். அவள் சட்டென்று ஒரு காலைப் பின்னால் இழுத்து மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புடிச்சுக்கோடி. உள்ள விழுந்துடப் போறேன்."

"விழ மாட்டீங்க. நீங்க போட்ட கெணறுதான்" என்று சொல்லி ஜெயசுதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கேயும் நிற்காமல் முழுசாக வந்தது.

வெயில் ஏறிக் கூட்டம் கலைகிற நேரத்தில் செல்வகுமாரி மகளை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். குமரவேல் குடும்ப வாட்ஸப்பில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, போகலாம் போகலாம் என்று குழந்தை ஒரே அடமாம். குழந்தை பாதத்தில் நின்று கூவிக்கொண்டிருந்தது. செல்வகுமாரி ஓரமாக நின்று, "நல்லா இருக்குது அத்த" என்று அளவாகச் சொன்னாள்.

தனக்கொடிக்கு அன்று காலையிலிருந்து வாய் திறந்துகொண்டிருந்தது. அதை மூட இஷ்டமில்லை.

"செல்வி, உங்கம்மா ஒருதடவ நார்த்தங்கா ஊறுகா குடுத்தனுப்பினாங்களே."

செல்வகுமாரியின் முகம் இறுகியது. "ஆமா."

"மேல வெள்ளையா பூத்திருந்துச்சுடி. பூசணம்னு நெனச்சுக் கொட்டிட்டேன். உங்கிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"பூசணமா?" செல்வகுமாரி அவளையே பார்த்தாள். "அத்த, அது உப்பு! உப்பு நார்த்தங்காயில உப்பு பூக்காம வேற இன்னா பூக்கும்?"

"எங்க வூட்ல அதெல்லாம் போட்டதே இல்லடி. எனக்கு இன்னா தெரியும்?"

"எங்கம்மா போட்டதுன்னு எளக்காரமா கொட்டிட்டீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்!" அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தினி வருஷம் ஒரு ஜாடி ஊறுகாய்க்கா நான் மூஞ்சத் தூக்கி வச்சுக்கினு இருந்தேன்?"

"திட்டுறதுன்னா திட்டிடு."

"திட்டறேன், திட்டாம விடுவேனா? மொதல்ல சோறு போடுங்க, பசிக்குது. ஜாடி இருக்குதா, ஒடச்சுட்டீங்களா?"

"கழுவி வச்சிருக்கறேன்."

"எங்கம்மா அடுத்த மாசம் போடும். வாங்கிக்கினு வரேன். இந்தத் தடவ நான் பக்கத்துல நின்னு காட்டித் தரேன், எது உப்பு எது பூசணம்னு."

மறுநாள் விடிகாலையில் தனக்கொடி பழக்கம்போல எழுந்தாள். சாணி கரைத்தாள், துடைப்பத்தை எடுத்தாள், கதவைத் திறந்தாள். படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து ஊரிலிருந்து இன்னும் ஒரு பள்ளிக்கூடம் வரவேண்டியிருப்பதால் இரண்டு நாள் படம் இருக்கட்டும் என்று ஜெயா சொல்லியிருந்தாள். படியிலிருந்து பார்த்தால் அது கிணறே இல்லை. இழுத்துவிட்ட ஒரு கலர்த் துணி. அவள் பக்கெட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போய், வாசலின் மறுபக்கம் படம் இல்லாத துண்டு இடத்தில் தெளிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது.

"இன்னாக்கா" என்று ஆண்டாளின் குரல் கொட்டாவியோடு வந்தது. "பக்கெட்ட எடுத்துக்கினு கெணத்தச் சுத்தி வர்ற? தண்ணி சேந்தவா?"

"ஆமாடி" என்றாள் தனக்கொடி, தலையை நிமிர்த்தாமல். "உனக்கும் ஒரு கொடம் வேணும்னா கொண்டா. ஆனா எட்டிப் பாக்காத, ஆழம் அதிகம்."